ஏழு பேர் எடையும் நாலு புஷ்ஷும்

மோட்டார் காடியின் பின்பக்கம் முனக ஆரம்பித்தபோது நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காடி தொரையுடையது, ஓட்டுவது என் வீட்டுக்காரர், நடுவில் எனக்கென்ன வந்தது. மரவள்ளிக்கிழங்கை இன்னும் எத்தனை விதமாக அவித்தால் அது மரவள்ளிக்கிழங்கு என்று நாக்குக்குத் தெரியாமல் போகும் என்பதுதான் அந்த நாளில் என் கவலை.

ஜப்பான்காரன் காலம் அது. எங்கள் ரப்பர் தோட்டம் லிங்கிப் பக்கம் இருந்தது. வெள்ளைக்காரத் தொரை ஒரு நாள் காலையில் பட்டாளத்து லாரியில் ஏறி சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார். நாயைக் கூட்டிக்கொண்டு போனவர் காடியை விட்டுவிட்டுப் போனார். பிறகு பங்களாவுக்கு ஒரு ஜப்பான் தொரை வந்தார். பங்களா, காடி, டிரைவர் மூன்றும் ஒன்றாக அவர் கைக்குப் போயின.

டிரைவர் என்றால் என் வீட்டுக்காரர். அவரைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள அவர் இப்போது இல்லை. காடியின் மேல்பக்கம் அவருக்கு அத்துப்படி. தினமும் துடைப்பார். கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டே துடைப்பார். அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை, குனிந்தால் சட்டை கசங்கும். ரிப்பேர் என்றால் சிரம்பானில் ஒரு சீனர் பட்டறையில் விட்டுவிட்டு எதிர்க் கடையில் டீ குடிப்பார். சண்டை வந்ததும் பட்டறையை மூடிவிட்டார்கள். டீக்கடையையும் மூடிவிட்டார்கள்.

ஜப்பான் தொரைக்கு வாரம் ஒரு தடவை சி ரூசாவுக்குப் போய்க் கடலில் குளிக்க வேண்டும். இரண்டு சிப்பாய்களும் கூடப் போவார்கள். ஒரு நாள் திரும்பி வரும்போது எங்கள் செம்மண் சடக்கின் பள்ளத்தில் காடி இறங்கி ஏறியதில் பின்சீட்டில் இருந்த தொரையின் தலை கூரையில் இடித்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. பங்களாவுக்குப் போகும் வரைகூடப் பொறுக்காமல் எங்கள் லயத்து வீட்டு வாசலிலேயே இறங்கிவிட்டார்.

"பிங்காங் சாக்கிட்" என்றார் மலாயில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. காடியைக் காட்டி, "ரொசாக்" என்றார். இடுப்பு வலி, காடி கெட்டுப்போச்சு, அதுவரை எங்களுக்கும் புரிந்தது. பிறகு என் வீட்டுக்காரரைக் காட்டி ஜப்பானில் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு நடந்தே போனார். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும், ஜப்பான் பேச்சுக் கொஞ்சம் கற்றிருந்த கிராணிதான் நின்று எங்களுக்குச் சொன்னார்.

"ஒரு வாரத்துல காடி சரியாகணுமாம். ஆகலேன்னா இந்த டிரைவரு எனக்கு எதுக்கு, சயாமுக்குப் போற பேர்ல இவன எழுதுன்னு சொல்லிட்டாரு."

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று உத்தரவு வரும், கிராணி பட்டியல் எழுதுவார், லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். மூன்று மாத வேலைதான் என்றார்கள். முதலில் போனவர்கள் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கோ பயம் வந்தால் அழுகை வராது, கோபம்தான் வரும்.

"எந்திரிங்க. அடியில போயிப் பாருங்க."

"என்னத்தப் பாக்குறது?"

"எனக்கென்ன தெரியும், நானா பத்து வருஷமா காடி ஓட்டுறேன்?"

கடைசியில் நான்தான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் நுழைந்தேன். பின்சக்கரத்துக்கு மேலே பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங் பட்டை. பட்டையின் இரண்டு நுனியும் வளையமாகச் சுருண்டிருந்தன. அந்த வளையத்துக்குள் ஒரு போல்ட். போல்ட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் கறுப்பாக ஏதோ இருக்க வேண்டிய இடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. விரலால் எடுத்து முகர்ந்து பார்த்தேன். ரப்பர்.

"அதுதான் புஷ்ஷு" என்றார் அவர், வெளியே நின்றபடியே. பெயர் மட்டும் தெரிந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் பால்மரம். ஸ்டோரில் விற்க வழியில்லாமல் ரப்பர் ஷீட் கூரை வரை அடுக்கிக் கிடக்கிறது. நான் பதின்மூன்று வயதிலிருந்து அந்த ஸ்டோரில் பால் உறைய வைத்து ஷீட் உருட்டுகிறவள். இவரோ நாலு துண்டு ரப்பர் இல்லாமல் சயாமுக்குப் போகப் போகிறார்.

ஜாக்கியை யாரோ எப்போதோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். விழுந்த பால்மரம் ஒன்றை நெம்புகோலாகப் போட்டுக் காடியின் பின்பக்கத்தைத் தூக்கி விறகுக்கட்டை அண்டை கொடுத்தோம். போல்ட்டைக் கழற்றி, மரச்சுத்தியால் தட்டி நாலு புஷ்ஷையும் வெளியே எடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று. ஒவ்வொன்றும் வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், இடையில் இருந்த ரப்பர் மட்டும் செத்துப் போயிருந்தது. இரும்பு நன்றாகத்தான் இருந்தது. அந்த இடைவெளியில் ஸ்டோரிலிருந்து கொண்டு வந்த ஷீட்டைக் கிழித்துச் சுற்றிச் சுற்றித் திணித்தேன். திரும்ப மாட்டினோம். மூன்றாம் நாளே வேலை முடிந்துவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அவர் பாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஆட்டம் இல்லை, ஆனால் கிரீச்சென்று லேசாக ஒரு சத்தம் வருகிறது என்றார். சரி என்று நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அங்கேதான் தப்பு நடந்தது. சத்தம் போடுகிற எதற்கும் எண்ணெய் விடுவது எங்கள் லயத்துப் பழக்கம். கதவுக் கீலுக்கு எண்ணெய், தையல் மெஷினுக்கு எண்ணெய், பிள்ளை காதுவலி என்று கத்தினால் காதில் இரண்டு சொட்டு எண்ணெய். மனிதர் அதே யோசனையில், நான் தலைக்கு என்று ஒளித்து வைத்திருந்த தேங்காயெண்ணெயை எடுத்து நாலு புஷ்ஷுக்கும் தாராளமாக ஊற்றிவிட்டார்.

ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்பது ஸ்டோரில் நிற்கிற சின்னப் பெண்ணுக்கும் தெரியும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பட்டையின் வளையத்திலிருந்து ரப்பர் பிதுங்கிப் பலாப்பழப் பால் மாதிரி வடிந்துகொண்டிருக்கிறது.

"கத்துச்சு, அதான் ஊத்துனேன்" என்றார்.

"நீங்களும் கூடத்தான் ராத்திரியெல்லாம் குறட்டை விடுறீங்க. நான் ஊத்துனேனா?"

ஒரு வாரத்தில் மிச்சம் இருந்தது மூன்று நாள். அன்று காலை அவர் தன் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நானே உட்கார்ந்து அழுதுவிடுவேன் போலிருந்தது. அவர்மீது எனக்கு எவ்வளவு ஆசை என்பது அந்தக் கொடியில் அவருடைய இரண்டு சட்டைகளையும் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

துணி காய்ந்துகொண்டிருக்கும்போது அவருக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. பத்து வருடம் எதிர்க் கடையில் டீ குடித்ததற்கு அது ஒன்றுதான் பலன். "அந்தச் சீனன் டயருக்கு ஒட்டுப் போடுறப்ப ரப்பர்ல மஞ்சத் தூள் ஒண்ணு கலந்திருக்கும். அப்புறம் சூட்டுல வெப்பான். வெச்சா கல்லு மாதிரி ஆயிரும்."

மஞ்சள் தூள் என்றால் கந்தகம். கந்தகம் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் இருந்தது, ஏனென்றால் அந்த வருடம் தோட்டம் முழுவதும் சொறி. சாப்பாடு சரியில்லாமல் எல்லாரும் சொறிந்துகொண்டிருந்தோம். மருந்து கொடுக்கிற டிரஸரிடம் போய், எனக்கு உடம்பெல்லாம் சொறி, கொஞ்சம் அதிகமாகவே கொடுங்கள் என்றேன். எங்கே என்று அவர் கேட்டார். காட்டுகிற இடத்தில் இல்லை என்றேன். டப்பாவோடு கொடுத்துவிட்டார்.

கந்தகத்தை உறையாத பாலிலேயே கலக்கி, புளிக்காடி ஊற்றி உறைய வைத்து, மெல்லிசாக உருட்டிப் புகைக்கொட்டகையில் காய வைத்தேன். அதைச் சுருட்டி, மறுபடி கழற்றிய புஷ்ஷின் இரும்பு வளையத்துக்குள் இறுக்கித் திணித்தாயிற்று. இனி சூடு. கொதிதண்ணீரில் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதைவிடப் பெரிய சூடு, ஆனால் கருகாத சூடு வேண்டும். யோசித்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் ஞாபகத்துக்கு வந்தார்.

அவர் பால் எடுக்க மரம் வெட்டுகிற ஆள். சண்டைக்கு முன்னால் சம்பள நாளில் கள்ளுக்கடைக்கு எதிரே கச்சான், அதுதான் வேர்க்கடலை, வறுத்து விற்பார். கச்சானே கண்ணில் படாத அந்தக் காலத்திலும் தன் இரும்புச் சட்டியையும் வறுக்கிற மண்ணையும் விடாமல் வைத்திருந்தார். கரியாகக் கறுத்து, சலித்துச் சலித்துச் சர்க்கரை மாதிரி ஆன மண், ஒரு மண்ணெண்ணெய் டின் நிறைய.

"மண்ணு குடுங்கண்ணே" என்றேன்.

"எதுக்குத் தங்கச்சி?"

"புஷ்ஷு வறுக்க."

"பதினெட்டு வருஷத்து மண்ணு லா இது. ரப்பர் நாத்தம் புடிச்சா அப்புறம் எங்கச்சான யாரு வாங்குவா?" என்றார். பிறகு சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். வேறு யார் கையிலும் கொடுக்க அவருக்கு மனமில்லை.

எங்கள் வாசலில் பட்டப்பகலில் புஷ் வறுவல் நடந்தது. மண் சூடேறியதா என்று பார்க்க ஒரு மரவள்ளித் துண்டைப் போட்டார். அது சிவக்கிற பதத்தில் நாலு புஷ்ஷையும் மண்ணுக்குள் புதைத்தோம். அசையாமல் இருக்கட்டும் என்று நான் சொன்னால் கை கேட்கவில்லை, கரண்டியால் புரட்டிக்கொண்டே இருந்தார். "பொரட்டாட்டி ஒரு பக்கம் தீஞ்சிரும்" என்றார். கந்தக நாற்றத்தில் லயமே மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டது. மூன்று மணி நேரம் கழித்து எடுத்தபோது ரப்பர் கறுத்து, நகம் இறங்காமல் கெட்டியாக இருந்தது. அண்ணன் ஒன்றைக் காதருகே கொண்டுபோய்ச் சுண்டிப் பார்த்துவிட்டு, "வெந்துருச்சு" என்றார்.

மாட்டுகிறபோது புஷ் பட்டையின் வளையத்துக்குள் இறங்க மறுத்தது. வழுக்கத் தடவலாம் என்றால் சவக்காரக் கட்டி கிடையாது. தலைக்குத் தேய்க்கிற செம்பருத்தி இலையைக் கசக்கி அந்தக் கொழகொழப்பைத் தடவினேன், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. போல்ட்டை முறுக்கிக் கட்டையை எடுத்துக் காடியைக் கீழே இறக்கினோம். இறங்கியது காடி, ஆனால் பின்பக்கம் இறங்கவில்லை. தண்ணீர் குடிக்கிற கோழி மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் பின்சீட்டில் உட்கார்ந்ததும் ரப்பர் முறுகிக் கத்தியது. தானாகவே அவர் கண் தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருந்த பக்கம் போயிற்று. நான் ஸ்பானரைக் காட்டினேன்.

என்ன தப்பு என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சக்கரம் தொங்குகிறபோது முறுக்கினால் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. உட்கார்ந்தபடி கைலியை இறுக்கிக் கட்டினால் எழுந்திருக்கும்போது இழுக்கும் இல்லையா, அதேதான். தொரையும் சிப்பாய்களும் சாமானும் ஏறினால் காடி எவ்வளவு தாழுமோ, அவ்வளவு தாழ்ந்து நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும்.

"தொரை ஏறுனா டயருக்கும் மட்காடுக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். தினமும் துடைக்கிற ஆளுக்கு அது தெரியாமல் இருக்குமா.

ஆகவே எடைக்கு ஆள் கூப்பிட்டோம். முதலில் கச்சான் அண்ணன் வந்து பின்சீட்டில் வலது சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தார். தொரை உட்காருகிற இடம் அது. காலை நீட்டிக்கொண்டு, "டிரைவர், சி ரூசா" என்றார். பிறகு மூன்று ஆண்கள். சாண் போட்டுப் பார்த்தேன், இன்னும் நாலு விரல் மிச்சம். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஆட்கள் நாலு பேர் ஏறினால் அந்தக் காடி தரையைத் தொடும். கிழங்கு தின்று தின்று எல்லாரும் வெறும் எலும்பும் சொறியுமாக இருந்தார்கள். மூன்று பெண்களை அழைத்தேன். ஒருத்தி, "காடியில ஏறுறதுன்னா சேல மாத்திட்டு வாரேன்" என்று போய்த் திரும்பி வரும் வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஏழாவது ஆள் மடியில் உட்கார்ந்த பிறகுதான் இடைவெளி சரியாக ஒரு சாண் ஆயிற்று.

"யாரும் மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடியில் படுத்து முறுக்கினேன். மேலே கச்சான் அண்ணன், கடற்கரை எப்படி இருக்கிறது, காற்று எப்படி வருகிறது என்று ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் காடி ஆடியது, என் முகத்தில் செம்மண் கொட்டியது. நான் அடியிலிருந்து வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினேன். திட்டத் திட்டச் சிரித்தார்கள்.

ஏழாம் நாள் ஜப்பான் தொரை சி ரூசாவுக்குப் போனார். திரும்பும்போது பின்சீட்டில் தூங்கிவிட்டாராம். கிராணி முன்கூட்டியே எழுதி வைத்திருந்த பட்டியலிலிருந்து என் வீட்டுக்காரர் பெயரை அழித்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு, எனக்கு அது விருந்தாக இருந்தது.

பத்து நாள் கழித்துக் கிராணி வந்து வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். "காடி நல்லா ஓடுது. அதனால தொரை இனிமே தானே ஓட்டப் போறாராம். அடுத்த லாரிக்கு டிரைவரு பேர எழுதியிருக்கேன், ஏம்மா, நான் என்ன செய்யறது."

சரியாகச் செய்த வேலைக்குக் கிடைத்த கூலி இது. எனக்கு வந்த கோபத்தில் அந்த நாலு புஷ்ஷையும் தொரையின் தலையில் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. அப்புறம் உள்ளே போய் அடுக்குப் பானைக்குப் பின்னாலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். முக்கால் போத்தல் இருந்தது. அவர் கையில் கொடுத்தேன்.

"தொடைக்கிறப்ப ஊத்துங்க" என்றேன்.

"சாமி, கண்டுபுடிச்சா தலையை எடுத்துருவான்."

"சயாமுல மட்டும் வெச்சுக் கொஞ்சுவானா?"

பத்து வருடத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் காடிக்கு அடியில் குனிந்தார். ஒரு வாரத்தில் புஷ் ஊறிப் பிதுங்கியது. தொரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் எங்கே என்று கத்தினார். கிராணி பெயரை அழித்தார். நான் புதிதாகப் புஷ் செய்தேன். கொஞ்ச நாள் ஓடியதும் மறுபடி எண்ணெய், மறுபடி பிங்காங் சாக்கிட். எழுதி அழித்து எழுதி அழித்துப் பட்டியலில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது என்று கிராணி அலுத்துக்கொண்டார்.

நானும் சிரித்தேன். ஆனால் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்ற கணக்கு மாறாது. ஒரு பெயரை அழித்தால் இன்னொரு பெயரை எழுதியாக வேண்டும். அது எனக்குத் தெரியும். யார் பெயர் என்று கிராணியிடம் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இரண்டாம் தடவை முறுக்கும்போது எடைக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். இரண்டு ஆண்கள் லாரியில் போயிருந்தார்கள். ஆற்று மணலைச் சாக்கில் கட்டி இரண்டு மூட்டை ஏற்றினேன். மூன்றாம் தடவைக்கு இன்னொருவர் இல்லை. அதற்கடுத்த லாரியில் கச்சான் அண்ணன் போனார். போகிற அன்று மண் டின்னை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார். "ஈரம் படாம வெய்யி தங்கச்சி. வந்ததும் வேணும்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் புருஷனை வைத்துக்கொண்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை அனுப்பிவிட்டு இவரை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு புஷ் முறுக்குகிறபோதெல்லாம் முன்சீட்டில் மூன்று பெண்கள், பின்சீட்டில் மணல் மூட்டைகள், வலது சக்கரத்துக்கு மேலே அண்ணனுடைய மண் டின். யாரும் கடற்கரையைப் பற்றிப் பேசவில்லை. நான் மூச்சு விடாதீர்கள் என்று சொல்ல வேண்டிய வேலையும் இல்லை.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். தொரை போய்விட்டார், காடி எங்கள் வாசலில் நின்றது. இனி எண்ணெய் விட வேண்டியதில்லை, ஆகையால் நல்லதாக ஒரு செட் புஷ் செய்தேன். எடைக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் குச்சி ஊன்றிக்கொண்டு லயத்துப் பக்கமிருந்து வந்து நின்றார். இரண்டு நாள் முன்னால் சயாமிலிருந்து வந்து இறங்கியிருந்தார். எடைக்கு ஏறி, பிறகு லாரியில் போன நாலு ஆண்களில் திரும்பியது அவர் ஒருவர்தான். குரலை வைத்துத்தான் கச்சான் அண்ணன் என்று எனக்கு அடையாளம் தெரிந்தது.

"அது என் எடம்லா" என்றார்.

என் வீட்டுக்காரர் அவரைத் தூக்கித்தான் உள்ளே வைத்தார். தூக்கும்போது பாரமே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். டின்னை எடுத்து வெளியே வைக்கப் போனேன், அண்ணன் கையை நீட்டி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இன்னும் ரப்பர் நாத்தம் போகல" என்றார்.

நான் குனிந்து சாண் போட்டுப் பார்த்தேன். அவரும் அந்த டின்னும் சேர்ந்து அவருடைய பழைய எடை வந்திருந்தது. அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். கண் தெரியவில்லை, தடவித் தடவித்தான் முறுக்கினேன்.